உடம்பைப் பெருக்கிய பூவாயி

மல்லன் கொண்டப்பன் தினமும் காலையில் உருண்டைக் கல்லைத் தூக்குவான். கல்லைக் கீழே போட்ட கையோடு ஆற்றங்கரை வரை ஓடுவான். பலமும் வேண்டும், மூச்சும் தாங்க வேண்டும் என்பது ஜமீன்தாரின் உத்தரவு. ஆனால் அவன் தோள் பருக்கவில்லை, இளைத்தது. ஏனென்று அவனுக்கும் புரியவில்லை, ஜமீன்தாருக்கும் புரியவில்லை.

புரியாத கோபத்தில் ஜமீன்தார் பயிற்சிக் கூடத்துக்கே வந்து கத்தினார். "இன்னைக்கே இவன் உடம்பைப் பெருக்குங்க! இல்லேன்னா ஒருத்தருக்கும் இங்க வேலை கிடையாது!"

கூடத்து ஆட்கள் பரபரத்தார்கள். ஒருவன் எண்ணெயை எடுத்தான், இன்னொருவன் அதைக் கீழே வைக்கச் சொன்னான். கூடம் பெருக்கும் பூவாயி மட்டும், "சரிங்க சாமி" என்று விளக்குமாற்றால் கொண்டப்பனைத் தோளிலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.

"அடியே! என் மல்லனை விளக்குமாத்தாலயா தொடுறே?"

"நீங்கதானே சாமி பெருக்கச் சொன்னீங்க?"

"பெருசாக்கச் சொன்னேன்டி!"

"ஒரே சொல்லு, ரெண்டு வேலை. எனக்கே குழம்பிப் போச்சு. அவரு உடம்பு என்ன செய்யும்? கல்லைக் குடுத்து 'வளரு'ங்கிறீங்க. அது வளர ஆரம்பிக்கிறதுக்குள்ள 'ஓடிக் கரைஞ்சு போ'ங்கிறீங்க. பாவம், அது எதைக் கேக்கும்? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு சொல்லுங்க. நடுவுல சோறு போட்டுத் தூங்க விடுங்க."

ஜமீன்தார் தலையைச் சொறிந்தார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "இவனுக்குச் சோத்தைப் பெருக்குங்கடா!" என்று கத்தினார்.

பூவாயி விளக்குமாற்றோடு சமையற்கட்டுக்குக் கிளம்பினாள்.

"நில்லு, நில்லு! நிறையப் போடச் சொன்னேன்!"