ஈட்டி மரத்துக்கு எத்தனை பூச்சு?

தூத்துக்குடியில் கிடார் செய்கிற ஹெலனிடம் தேவபிச்சை சீடராகச் சேர்ந்தபோது தெருவே சிரித்தது. குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். ஆயுள் முழுக்கக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பாலிஷ் போட்ட மனிதர்.

மனைவி அற்புதத்துக்குத் தன் கையால் ஒரு கிடார் செய்து கொடுக்க வேண்டும். அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். ஒருகாலத்தில் மாதா கோயில் பாட்டுக்குழுவில் வாசித்தவள் அவள். இப்போது காலை நேரங்களில் அவள் விரல்கள் மடங்க மறுக்கின்றன.

கிடார் நன்றாகவே உருவானது. கழுத்தின் மேல் விரல் வைத்து அழுத்துகிற ஈட்டி மரப் பலகையில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார்.

"அதுக்கு எண்ணெய் தேய்ச்சா போதும், அண்ணாச்சி" என்றாள் ஹெலன்.

பாலிஷ்காரர் கேட்பாரா? அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். லேக்கர் பூச்சு அடித்தார். மரம் அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. மறுபடி அடித்தார், தூசி ஒட்டியது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார். மழைக்காலம் வந்து, ஈரக்காற்றில் பூச்சு வெளுத்தது. திரும்பவும் உப்புத்தாள்.

மதியச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் அற்புதம் கேட்பாள். "என்னங்க, ஆச்சா?"

"முகம் தெரியணும் அற்புதம். இன்னும் தெரியல."

"என் முகத்த நான் வீட்டுக் கண்ணாடியில பாத்துக்கிடுதேன். விரலு மடங்குறப்பவே குடுத்திருங்க."

ஒருநாள் பலகையில் முகம் தெரிந்தது. ஆனால் மூக்கு கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. தேவபிச்சைக்கு அழுகையே வந்துவிட்டது.

"டீச்சர், எத்தனை பூச்சு பூசினா இது முடியும்?"

ஹெலன் கிடாரை வாங்கிக் கம்பிகளைப் பூட்டி முறுக்கினாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்த அற்புதத்தைக் கூப்பிட்டாள்.

"மதினி, இங்க வந்து உக்காருங்க."

"டீச்சர், இன்னும் சரியா காயல" என்றார் தேவபிச்சை. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அற்புதம் கையைச் சேலையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் விரல் வழுக்கியது. அடுத்து கம்பி இரைந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு வந்தது. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வாசலில் வந்து நின்று தாளம் போட்டார்கள். அற்புதம் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல வருஷமாகிறது. சந்தோஷம் தாங்காமல் தேவபிச்சையும் பாடினார். சுருதி எங்கோ, அவர் எங்கோ.

பாட்டு முடிந்தது. கிடாரை வாங்கிப் பார்த்தார். கண்ணாடிப் பலகையில், அவள் விரல் அழுத்திய இடங்களிலெல்லாம் கம்பி பதிந்து மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன.

அவர் கை பழக்கத்தில் உப்புத்தாளைத் தேடியது. ஹெலன் அதை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணாச்சி. கடைசிப் பூச்சு இப்பத்தான் விழுந்திருக்கு."