ஆறு பக்கமும் சேர்ந்த கியூப்

தென்காசிப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தத்தில் இசக்கியப்பன் என்பவர் சலூன் வைத்திருந்தார். காத்திருப்பவர்களின் பொழுதுபோக்குக்காகப் பெஞ்சின்மேல் ஒரு கியூப்பைப் போட்டு வைத்திருந்தார். திருப்பித் திருப்பிப் பக்கத்துக்கு ஒரு நிறமாகச் சேர்க்க வேண்டிய அதே விளையாட்டுச் சாமான்தான்.

அந்தக் கியூப்புக்குப் பேச வரும். ஆனால் யாராவது திருப்பினால்தான் வரும். கடக் கடக்கென்று திரும்பும் சத்தம்தான் அதன் பேச்சு. மனிதர்களுக்கு அது வெறும் சத்தம். எதிர்ச் சுவரில் தொங்கிய கண்ணாடிக்கு மட்டும் புரியும்.

கண்ணாடிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"பரட்டைத் தலையோட வாரவன்கூட என் முன்னால உட்கார்ந்து எந்திரிச்சா மாப்பிள்ளை மாதிரி போறான். நாலு வருஷமா இந்தக் கடையில ஒழுங்காகாத ஒரே ஜென்மம் நீதான்" என்று சீண்டும்.

கியூப்புக்குச் சுருக்கென்று இருக்கும். "பேச்சிமுத்து அண்ணாச்சி என்னைச் சேர்த்துருவாரு, பாரு. அதுக்கப்புறம் ஒரு பயலும் என்னைக் கலைக்கக் கூடாது" என்று கடகடக்கும்.

பேச்சிமுத்து மினிபஸ் டிரைவர். இரண்டு டிரிப்புக்கு நடுவே இருபது நிமிஷம் கிடைக்கும். தலையில் வெட்டுவதற்கு முடியே கிடையாது, முழு வழுக்கை. இருந்தும் கியூப்பைத் திருப்புவதற்காகவே தினமும் சலூனுக்கு வருவார். எல்லாம் சேர்ந்துவிடும், இரண்டு மூலை மட்டும் மக்கர் பண்ணும். அதைச் சரி பண்ணப் போனால் மற்றதெல்லாம் கலைந்துவிடும். "சனியனே" என்று வைதுவிட்டுப் போவார். மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பார்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை அந்த இரண்டு மூலையும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர்கூட எழுந்து வந்து கை தட்டினார்.

"ஏ கண்ணாடி, இப்பப் பாரு என்னை!" என்று கடைசித் திருப்பில் கியூப் கத்தியது.

இசக்கியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. எவனாவது தொட்டுக் கலைத்துவிடுவானே என்ற கவலையும் கூடவே வந்தது. மறுநாள் கடை திறந்ததும், அறுந்த செருப்பை ஒட்டும் பசையை வாங்கி வந்து, ஓர் இடுக்கு விடாமல் சொட்டுச் சொட்டாக விட்டார். கியூப்புக்கு முதலில் சுகமாகத்தான் இருந்தது. அது கேட்டதும் அதைத்தானே.

பேச்சிமுத்து வந்தார். கியூப்பை எடுத்தார், திருப்பினார். திரும்பவில்லை. நரம்பு புடைக்க மறுபடியும் முறுக்கினார். அசையவில்லை.

"என்னடே இது? என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஒட்டிட்டேன் அண்ணாச்சி. நீங்க சேர்த்தது. இனிமே ஒரு பய கலைக்க முடியாது."

"நான் கலைக்கத்தானடே வந்தேன்!"

இசக்கியப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

கியூப்புக்கு அப்போதுதான் உறைத்தது. 'அண்ணாச்சி, விட்டுராதீங்க, இன்னும் பலமா முறுக்குங்க' என்று கத்தப் பார்த்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அவர் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த டிரிப்புக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது.

"ஏ கியூப், ஏதாவது பேசேன்" என்றது கண்ணாடி. பதில் இல்லை. "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்..." அதன்பிறகு கண்ணாடியும் வாயைத் திறக்கவே இல்லை.

சாமி படத்துக்குப் பக்கத்தில் கியூப்புக்கு இடம் கிடைத்தது. தினமும் துடைத்தார்கள். தொடுவதற்குத்தான் ஆள் இல்லை.

பத்து நாள் பேச்சிமுத்து கடைப்பக்கமே வரவில்லை. மனசு கேட்காமல் இசக்கியப்பன் குற்றாலத்து சீசன் கடையில் ஒரு புதுக் கியூப் வாங்கி, நன்றாகக் கலைத்து, பஸ்ஸுக்கே கொண்டுபோய் நீட்டினார். பேச்சிமுத்து அதை வாங்கித் திருப்பிக்கொண்டே கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

அவர் கையிலிருந்த புதுசு மேலே நிமிர்ந்து பார்த்தது.

"அண்ணே, எம்புட்டு அழகா இருக்கீங்க! நானும் உங்களை மாதிரி ஆகணும். என்ன பண்ணணும், சொல்லுங்கண்ணே."

மேலே இருந்த கியூப்புக்குப் பதறியது. 'ஆகாதே' என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்ல ஒரே ஒரு திருப்புப் போதும்.

புதுசு கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. "ஆறு பக்கமும் சேர்ந்துட்டா பேசக்கூட மாட்டாங்க போல" என்று சொல்லிவிட்டு, பேச்சிமுத்துவின் கைக்குள் கடக்கென்று இன்னொரு தடவை திரும்பியது.