நூற்றுக்குப் பன்னிரண்டு

மில்லை இழுத்து மூடியபோது மாசிலாமணியின் கைக்கு வந்தது எட்டு லட்சம். முப்பது வருடம் பஞ்சைச் சுவாசித்ததற்கு முதலாளி போட்ட விலை. அதை எங்கே போடுவது என்று ஆறு மாதமாக அவருக்குத் தூக்கமில்லை. பேங்க் வட்டி ஏறும், விலைவாசி இறங்கும் என்றார்கள். இரண்டும் நடக்கவில்லை.

அவருடைய குரு தையல்நாயகி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். மாசிலாமணி போனபோது மடத்துச் சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு நிதிக் கம்பெனியில நூத்துக்குப் பன்னிரண்டு தர்றாங்க. பேங்குல ஏழுதான். போட்டா பத்திரமா இருக்குமா?”

“செருப்பை மாட்டுங்க, போகலாம்,” என்றார் அம்மா.

இரண்டு தெரு தள்ளி, ரேஷன் கடை வாசலில், இருபது பெண்கள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குழுக்கடன் வாங்கியவர்கள். எதிரே நாற்காலியில் வசூல்காரர். ஒருத்தியின் தவணையில் ஐந்நூறு குறைந்தது. அது வந்து சேரும்வரை ஒருத்தியும் எழக்கூடாது.

“அண்ணே, கைப்பிள்ளைக்குப் பால் குடுக்கணும். நான் மட்டும் போறேனே.”

“பணத்தை வச்சிட்டு எல்லாரும் போங்க. நானா புடிச்சு வச்சிருக்கேன்?”

“ஏய் மகேசு, உன்னால நாங்க வேகணுமா?” என்று இன்னொருத்தி சீறினாள்.

மகேசு தலையைச் சாய்த்துக் கம்மலைக் கழற்றினாள். அதை வாங்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓட ஒருத்திக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

மாசிலாமணிக்கு இரத்தம் கொதித்தது. மில் வாசலில் கொடி பிடித்த மனிதர்.

“மனுசனாய்யா நீ? பொம்பளைங்களை மாடு மாதிரி கட்டி வச்சிருக்கே! எவன்யா உன் முதலாளி? கூப்பிடு அவனை!”

வசூல்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “பெரியவரே, இது முதலாளி பணமா? உங்களை மாதிரி பெரியவங்க போட்ட டெப்பாசிட். மாசம் பொறந்தா அவங்களுக்குப் பன்னிரண்டு வட்டி போகணும். ஒரு நாள் தள்ளிப்போனா உங்களைவிடச் சத்தமாக் கத்துறாங்க.”

அவருடைய தோள்பையில் ஒரு மயில் படம். மாசிலாமணியின் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த நிதிக் கம்பெனி விண்ணப்பத்திலும் அதே மயில்.

அவர் கோபம் அடங்கவில்லை. யார்மேல் அதை எறிவது என்றுதான் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

“பார்த்தீங்களா?” என்றார் அம்மா. “காதுல கிடக்கிறதைக் கழற்றியாவது கட்டிடறாங்க. உங்க பணத்துல ஒரு பைசா போகாது. தைரியமாப் போடுங்க.”