இருபத்தைந்து மடங்கு

டெக்சாஸின் மேற்கே, சீமைக் கருவேலம் மண்டிய ஒரு பொட்டல் காட்டில் ஒரு குரு இருந்தார். பெயர் ஸ்டெல்லா. வயது முப்பத்திரண்டு, தொழில் ஆட்டு வைத்தியம். சீடருக்கு வயது ஐம்பத்தாறு, பெயர் வைத்திலிங்கம். குருவுக்கு இன்னும் நரைக்கவில்லை. சீடருக்கு நரைக்க முடி மிச்சமில்லை. கதை அப்படித்தான் அமைந்திருக்கிறது, நான் என்ன செய்ய.

வைத்திலிங்கம் ஹூஸ்டனில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு ஆடு வளர்க்க வந்தவர். ஆடுகள் அவரைக் கைவிடவில்லை. கெடுத்தது கொயோட்டி. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது, புத்தியில் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தண்ணீர் வற்றிய ஓடைப் பக்கம் மேயப் போகிற குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது.

இன்னும் ஒரு குட்டி போனால் மந்தையை விற்றுவிட்டு ஹூஸ்டனுக்கே திரும்பிவிட வேண்டியதுதான் என்று மனைவி கோமளா சொல்லிவிட்டார். கோமளா சொன்னால் சொன்னதுதான். மறுபடியும் ஏசி அறைக்குள் போய் உட்கார வைத்திலிங்கத்துக்குத் துளியும் மனமில்லை.

அந்த வட்டாரத்தில் ஆடு தும்மினாலும் ஸ்டெல்லாவைத்தான் கூப்பிடுவார்கள், கொயோட்டி வந்தாலும் ஸ்டெல்லாவைத்தான் கூப்பிடுவார்கள். வைத்திலிங்கம் முதல் நாள் விளையாட்டாகக் 'குருவே' என்றார். அதுவே நிலைத்துவிட்டது. ஸ்டெல்லா மட்டும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்.

"குருவே, கொயோட்டிக்கு எந்தத் துப்பாக்கி சரி?"

"குட்டியெல்லாம் எங்க போச்சு அண்ணா?"

"ஓடைக்குள்ள."

"ஒருநாள் ஓடையில போய் சும்மா உக்காந்து பாருங்க. அப்புறம் சொல்றேன்."

ஓடையில் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது? வைத்திலிங்கம் நேராகத் துப்பாக்கிக் கடைக்குப் போனார். கரடிக்கும் போதுமான மேக்னம் ரைஃபிள் ஒன்று வாங்கினார். அதன்மேல் இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்கோப். முன்னால் ஊன்றிக்கொள்ள இரண்டு கால். எல்லாம் சேர்ந்து ஒரு கிடாக்குட்டி கனம் கனத்தது. மேட்டின் மேல் படுத்து, எதிர்க்குன்றில் தொங்கவிட்ட இரும்புத் தட்டைச் சுட்டார். சத்தம் திரும்பி வர நேரமானது, அவ்வளவு தூரம். அன்று இரவு சந்தோஷத்தில் அவருக்குத் தூக்கமே வரவில்லை.

ஸ்டெல்லா அந்தத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். நாளை விடியும்போது வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

விடியும்போது வைத்திலிங்கம் தயாராக நின்றார். மந்தையோடு படுத்துக் காவல் காக்கிற சிங்காரத்தைக் கொட்டகைத் தூணில் கட்டிப்போட்டிருந்தார். சிங்காரம் ஒரு பெரிய மண்ணிற நாய். குரைத்து வேட்டையைக் கெடுத்துவிடும் என்பது அவர் எண்ணம். மேட்டுக்குப் போகலாம், அங்கிருந்து சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும் என்றார்.

"கொயோட்டி வேடிக்கை பாக்கவா அண்ணா வருது? ஆட்டுக்குத்தான வருது?"

ஸ்டெல்லா காய்ந்த புல்லைக் கசக்கிக் காற்றில் விட்டார். அது பறந்த திசையைப் பார்த்துவிட்டு, ஓடைக்குள் ஒரு கருவேலத்தின் அடியில் உட்கார்ந்தார். எதிரே ஐம்பது அடிக்கு மேல் கண் போகவில்லை. அவர் மடியில் இருந்தது பெயின்ட் உரிந்த ஒரு சின்ன ரைஃபிள். அதன் ஸ்கோப்பும் சின்னதுதான்.

பிறகு கொயோட்டியை வரவழைக்கிற சின்னக் குழல் ஒன்றை வாயில் வைத்து ஊதினார். அடிபட்ட முயல் அலறுவது போல அப்படியே இருந்தது. வைத்திலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த வயதில் இப்படி ஒரு குதூகலம் வரும் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை.

மறுபடி ஊதினார். புதர் அசைந்தது. காய்ந்த சுள்ளி ஒடிந்தது. ஏதோ ஒன்று ஓடி வந்தது.

வைத்திலிங்கம் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். முழுக்க ரோமம். மண்ணிற ரோமம், கலங்கலாக, கண்ணாடி வட்டம் நிறைய. தலை எது, கால் எது என்று தெரியவில்லை. எப்படியும் ரோமம்தான், எப்படியும் இவ்வளவு பக்கத்தில் தப்பாது. விரல் விசைக்குப் போனது.

ஸ்டெல்லா தன் தொப்பியைக் கழற்றி அவருடைய ஸ்கோப்பின் முன்னால் மாட்டினார்.

எல்லாம் இருட்டாகிவிட்டது. வைத்திலிங்கத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினார்.

பத்து அடியில் சிங்காரம் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் அறுந்த கயிறு. எங்கோ ஒரு ஜீவன் அலறுகிறது, காப்பாற்ற வேண்டும் என்று ஓடி வந்திருக்கிறது. எசமானைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

வைத்திலிங்கத்தின் விரல் தானாகவே விசையை விட்டு விலகியது. அவருக்கு அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை. சிங்காரம் சட்டென்று திரும்பி உறுமியது. அதற்கு அப்பால், மோப்பம் பிடிக்கக் காற்று போகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, ஓடைச் சரிவில் ஏறி நின்றது கொயோட்டி. காதை விறைத்துக்கொண்டு நாயையே பார்த்தது.

ஸ்டெல்லா பெரிய துப்பாக்கியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தன்னுடையதை அவர் கையில் திணித்தார்.

அந்தச் சின்ன ஸ்கோப்பில் கொயோட்டி முழுசாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு கருவேலம் தெரிந்தது. பின்னால் சரிவின் மண் தெரிந்தது. வட்டத்தின் ஓரத்தில் சிங்காரத்தின் வாலும் தெரிந்தது.

வால் வட்டத்துக்குள் இருந்தவரை வைத்திலிங்கம் சுடவில்லை. மூச்சைக்கூட விடவில்லை. கொயோட்டி நகர்ந்தது. அவரும் துப்பாக்கியைக் கூடவே நகர்த்தினார். மெல்ல, மெல்ல, வால் வட்டத்தை விட்டு வெளியே போயிற்று. ஸ்டெல்லா உதட்டைக் குவித்து எலி கீச்சிடுவது போல ஒரு சத்தம் கொடுத்தார். கொயோட்டி ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது.

வெடி அவ்வளவு பெரிதாகக்கூட இல்லை. கொயோட்டி நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

சிங்காரம் அதை மோந்து பார்த்துவிட்டு, அக்கறையே இல்லாததுபோல ஆடுகளிடம் திரும்பிப் போனது. கொட்டகைப் பக்கமிருந்து குட்டிகள் பாலுக்குக் கத்துகிற சத்தம் கேட்டது. இருவரும் ஓடையை விட்டு மேலேறியபோது கோமளா வாசலில் வந்து நின்று, என்ன ஆயிற்று என்று கைகாட்டிக் கேட்டார். வைத்திலிங்கம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பள்ளிக்கூடத்துப் பையன் பந்தயத்தில் ஜெயித்தது போல ஒரு ஆட்டமும் போட்டார்.

அப்புறம் அவருக்குக் கேள்விகள் வந்துவிட்டன. இது என்ன கம்பெனி, என்ன தோட்டா, ஸ்கோப் எத்தனை மடங்கு, குழாய் எவ்வளவு நீளம், இதற்கும் கால் வைத்துக்கொள்ளலாமா. வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஸ்டெல்லா தொப்பியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

கொட்டகை வந்தது. தூணில் அறுந்த கயிற்றின் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்பவாவது சொல்லுங்க குருவே. அந்தப் பெரிசைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கப் போறேன். கடையில போய் என்னன்னு கேக்கணும்?"

ஸ்டெல்லா அந்தக் கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார்.

"நாயைச் சுடாத துப்பாக்கி இருக்கான்னு கேளுங்க அண்ணா."