வேதமுத்துவின் திப்பிப் பன்றி

ஆத்தூர்ப் பக்கம் பன்றி வளர்க்கிறவர்கள் நிறைய உண்டு. ஆனால் வளர்க்கிற பன்றியைப் பற்றி வேதமுத்து அளவுக்கு அளக்கிறவர் யாரும் கிடையாது. அன்றைக்கு அவர் அளந்தே ஆகவேண்டியிருந்தது. தன் மகள் கல்யாண விருந்துக்குப் பன்றி பார்க்கப் பிலோமினா வந்திருந்தாள், கூடவே அவள் கொழுந்தன் அருளப்பன். கொட்டகையில் மிஞ்சியிருந்ததோ ஒரே பன்றி. அது விலை போனால்தான் அடுத்து குட்டி வாங்கி விடமுடியும்.

அந்தப் பன்றியில்தான் ஒரு கோளாறு. பால்குடி மறந்த புதிதில் அதற்குக் கழிச்சல் கண்டது. "நார்ச்சத்து பத்தல, தீனியில கொஞ்சம் திப்பி கலந்து போடுங்க" என்றார் கால்நடை டாக்டர். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. கலந்து போட்டார், கழிச்சல் நின்றது. கொஞ்சத்துக்கே இப்படியா என்று பூரித்துப்போய், மற்ற தீனியை நிறுத்திவிட்டுத் திப்பியை மட்டுமே கொட்ட ஆரம்பித்தார் மனுஷன். வயிறு பானையாக வந்தது, முதுகில் எலும்பு எட்டிப் பார்த்தது. அதை எப்படிக் காட்டுவது என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே கவலை. வாயில் மட்டும் அது தெரியவில்லை.

"அக்கா, திப்பி போட ஆரம்பிச்சதுல இருந்து இந்தப் பன்னிக்கு ஒரு தும்மல் கெடையாது. டாக்டரு வாசல்ல வந்து நின்னு அழுவுறாரு, ஒரு ஊசியாச்சும் போட்டுக்கறேன் வேதமுத்து, கையே மறந்துபோவுதுன்னு. பாவமேன்னு என் கையக் காட்டினேன்."

"போட்டாரா?" என்றாள் பிலோமினா.

"ஆசை தீர ரெண்டு கையிலயும் போட்டாரு!"

அருளப்பன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "வளர்த்தி எப்படிண்ணே?"

"அதை ஏன் கேக்கற தம்பி! சாயங்காலம் உள்ள போவுது, காலைல வாசல் பத்தல. சுவத்த இடிச்சுத்தான் வெளிய எடுத்தேன்."

"சுவரு நின்னுக்கிட்டுத்தான இருக்கு?"

"மறுபடி கட்டினதுப்பா. செங்கல்லா வாங்குனேன்? நார்ச்சத்துல இது போடுற விட்டை அம்புட்டு கெட்டி. அதையே அறுத்து அடுக்கிட்டேன்."

அருளப்பன் சட்டென்று விலகி முதுகைத் தட்டிக்கொண்டான். பிலோமினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்ததும் வேதமுத்துவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"வெளிய இருக்கறது இருக்கட்டும், வயித்துக்குள்ள இருக்கறது ஒரு ஊரு அக்கா. நல்ல நல்ல கிருமியா கோடிக்கணக்குல குடியிருக்கு. அதுங்க வேலைய ஆரம்பிச்சா வயிறு கடமுடன்னு உருளும் பாருங்க, அதக் கேட்டுத்தான் ஜவ்வரிசி ஆலையில ஷிப்ட் மாத்தறாங்க. சங்கைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க!"

"காத்து?" என்று எடுத்துக் கொடுத்தான் அருளப்பன்.

"தெருவிளக்கு பூரா அதுலதான் எரியுது. கரண்ட் ஆபீஸ்காரரு வந்து, எங்க பொழப்புல மண்ணப் போடாதீங்கன்னு கும்பிடறாரு."

"சரி, அந்தப் பன்னிய வெளிய விடு" என்றாள் பிலோமினா.

வேறு வழியில்லை. படலைத் திறந்தார். முதலில் வயிறு வந்தது, பிறகு சாவகாசமாகப் பன்றி வந்தது. அருளப்பன் அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

யாரும் வாயைத் திறக்குமுன் வேதமுத்து முந்திக்கொண்டார். "பொட்டுக் கொழுப்பு கெடையாது அக்கா! உங்க சம்பந்தி வீட்டுல சுகரு, பிரஷரு யாருக்கிருந்தாலும் தைரியமாச் சாப்பிடலாம். குடலப் பத்திச் சொல்லவே வேண்டாம். பிரிச்சு விட்டா இங்கிருந்து சேலம் போயி, டீ குடிச்சிட்டுத் திரும்பி வரும்!"

பிலோமினா பன்றியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"குடலு நல்லாத்தான் இருக்கும் வேதமுத்து, நான் நம்பறேன். ஆனா பந்தி பூராவும் குடல் கொழம்பே ஊத்தினா, சம்பந்தி வீட்டுக்காரங்க பொண்ண இங்கயே விட்டுட்டுப் போயிருவாங்க. கறி இருக்கற பன்னி யாருகிட்ட இருக்குன்னு சொல்லு, அதுலயாச்சும் புளுகாத."