குதிரை குடித்த கஞ்சி

கோட்டைப் படையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஓட்டப் பயிற்சியில் தினமும் சுருண்டு விழுந்தார்கள். அந்தத் தண்ணிக் கஞ்சியைக் குடித்துவிட்டு யார்தான் ஓட முடியும்? தளவாயோ சமையல்காரன் சடையனைக் கூப்பிட்டு, “ராஜா பார்க்க வரும்போது ஒருத்தன் விழுந்தாலும் உன் தலை இருக்காது,” என்றார். அரிசி மட்டும் கூட்டித் தரமாட்டாராம்.

சடையன் நேரே லாயத்துக்குப் போனான். தளவாயின் குதிரைக்கு வைத்திருந்த கொள்ளு முழுவதையும் அவித்து வீரர்களுக்குப் போட்டான். அவர்களுடைய கஞ்சியைக் குதிரைக்கு ஊற்றினான்.

ராஜா வந்த அன்று வீரர்கள் பிசகாமல் ஓடினார்கள். குதிரைதான் தளவாயோடு சேர்ந்து குப்புற விழுந்தது.

“குதிரைக்கு என்னடா ஆச்சு?” என்று கேட்டார் ராஜா.

“உங்கள் வீரர்கள் இத்தனை நாள் குடித்த கஞ்சியைத்தான் குடித்தது, மகாராஜா,” என்றான் சடையன்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம், வாயில்லா ஜீவன். இன்றைக்கே அதற்குப் பழையபடி கொள்ளு வையுங்கள்.”

மறுநாள் காலையில், வாயுள்ள ஜீவன்கள் பழையபடி கஞ்சிக்கு வரிசையில் நின்றன.