கடைசி வரிசையில் ஒரு ஓட்டை

கருங்குன்றத்து ராஜா சொக்கலிங்க பூபதிக்குத் தன் படையைப் பார்ப்பதென்றால் கொள்ளை ஆசை. வெயில்தான் ஆகாது! அதனால் பிறந்தநாள் அணிவகுப்பை மேடைமேல் குடை நிழலில் சாய்ந்தபடி, இளநீர் குடித்துக்கொண்டே பார்ப்பார். பாவம், எதிரே தளபதியையும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது வீரர்கள் வெந்துகொண்டிருப்பார்கள்.

அந்த வருஷம் ராஜா பத்து விரலையும் விரித்துக் காட்டினார். வீரர்கள் வரிசைக்குப் பத்துப் பேராக நின்றார்கள். கடைசி வரிசையில் மட்டும் ஒன்பது பேர்.

"அதென்ன ஓட்டை? பார்க்கச் சகிக்கலையே!" என்று ஒரு விரலை மடக்கினார் ராஜா. ஒன்பது ஒன்பதாக நின்றார்கள். கடைசியில் எட்டுப் பேர். இன்னொரு விரலை மடக்கினார். எட்டு எட்டாக நின்றால் கடைசியில் ஏழு. இப்படியே மடக்கி மடக்கி இரண்டு விரல் வரைக்கும் வந்தாயிற்று. எப்படி நிறுத்தினாலும் கடைசி வரிசையில் ஒரே ஒரு ஆள் குறைந்தது.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "தளபதி மல்லாண்டாரே! ஒவ்வொரு தடவையும் எவனோ ஒருத்தன் நழுவி ஓடுகிறான். சாயங்காலத்துக்குள் அந்த ஓட்டையை அடைக்கவில்லை என்றால் உமக்குப் பதவி இல்லை!"

"ஒரு சமையல்காரனை நிறுத்தட்டுமா, மகாராஜா?"

"மூச்! என் படையைச் சேர்ந்தவன்தான் நிற்கணும்."

மல்லாண்டாருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷ உத்தியோகம்! வாய்த்துடுக்குக்குப் பேர்போன அரசவைக்காரன் சாத்தப்பனிடம் ஓடி, நடந்ததைச் சொல்லி அழுதார். சாத்தப்பன் கொஞ்சம் யோசித்தான். விறுவிறுவென்று ராஜா முன்னால் போய் நின்றான்.

"மகாராஜா, குறைகிற ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். படையைச் சேர்ந்தவர்தான். காலையிலிருந்து நிழலில் உட்கார்ந்து இளநீர் குடிக்கிறார்."

"யாரடா அந்தச் சோம்பேறி? இழுத்து வா!"

"படைக்கெல்லாம் தலைவர் தாங்கள்தானே, மகாராஜா?"

ராஜா முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் நின்றார். அட! பத்தாக நின்றாலும் நிறைந்தது, ஒன்பதாக நின்றாலும் நிறைந்தது. இரண்டு வரைக்கும் ஓட்டையே இல்லை. ஆனால் மாறி மாறி நின்று முடிப்பதற்குள் ராஜாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"அப்பாடா! இந்த வெயிலிலா இவர்கள் நிற்கிறார்கள்? முதலில் எல்லாருக்கும் இளநீர் கொடுங்கள். இனிமேல் அணிவகுப்பு விடியற்காலையில்தான். மல்லாண்டாரே, கண்ணைத் துடையும். நீரே தளபதி."

வியர்வையை வழித்தபடி ராஜா கேட்டார்: "ஏன் சாத்தப்பா, நான் இல்லாமல் ஓட்டையை அடைக்க வேறு வழியே இல்லையா?"

"இருந்ததே, மகாராஜா. பதினொன்று பதினொன்றாக நிறுத்தியிருந்தால் அவர்களே கச்சிதமாக நிறைந்திருப்பார்கள்."

"அடப்பாவி! அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் தாங்கள் இறங்கி வந்திருப்பீர்களா?"

ராஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டு, அவன் காதோடு சொன்னார்: "இந்தப் பதினொன்றை மட்டும் ராணியிடம் உளறிவிடாதே! ஆயுசுக்கும் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள்!"